கார்டை மாற்றினால் கேமரா வேகமாகுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் கேனான் 1500டி இருக்கிறது. விடுமுறை நாளில் குளத்துப் பக்கம் போய்ப் பறவைகளைப் படம் எடுப்பேன். மீன்கொத்தி பாயும்போது பட்டனை அழுத்திப் பிடித்தால், பத்து படம் வந்ததுமே ‘பிஸி’ என்று காட்டிக் கேமரா நின்றுவிடுகிறது. 170 எம்பி வேகக் கார்டு போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: பணத்தை எடுப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். ராவில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் பெரிய கோப்பு) எடுக்கிறீர்களா, ஜேபெக்கிலா (சுருக்கிய சாதாரணப் படக் கோப்பு)? பத்து படத்திலேயே நிற்கிறது என்றால் அநேகமாக ராவாகத்தான் இருக்கும்.

பட்டனை அழுத்தியதும் படம் நேராகக் கார்டுக்குப் போய்விடுவதில்லை. சென்சாரிலிருந்து வருவது முதலில் கேமராவுக்குள்ளேயே இருக்கிற பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் இறங்கும், அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கார்டில் எழுதப்படும். பஃபரில் இடம் இருக்கும்வரை கார்டு வேகமானதா மெதுவானதா என்பது கேமராவுக்கு ஒரு பொருட்டே இல்லை. அது நிரம்பிய பிறகுதான் கார்டின் வேகம் என்ற பேச்சே வருகிறது. உங்கள் கேமரா நொடிக்கு 3 படம் எடுக்கும். 24 மெகாபிக்சல் ரா ஒன்று சுமார் 25 முதல் 30 எம்பி, ஆக நொடிக்கு 75 முதல் 90 எம்பி உள்ளே வந்து விழுகிறது, அந்த வேகத்தில் வெளியே எழுத முடியாததால்தான் பஃபர் நிரம்புகிறது. அதே படம் ஜேபெக்கில் ஏழெட்டு எம்பிதான். நொடிக்கு 25 எம்பி எழுதினாலே சமாளித்துவிடலாம், பிஸி என்பதையே பெரும்பாலும் பார்க்க மாட்டீர்கள்.

அதனால் எந்தக் கார்டு போட்டாலும் நொடிக்கு 3 படம் 4 ஆகாது. ஃபோகஸ் சீக்கிரம் பிடிக்காது, ஷட்டர் சீக்கிரம் விழாது, படத்தின் தரமும் கூடாது. பிஸி வந்த பிறகு காத்திருக்கிற நேரம் குறையும், அவ்வளவுதான். அதுகூட உங்கள் இப்போதைய கார்டு எது என்பதைப் பொறுத்தது.

அப்புறம் அந்த 170. கார்டின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருப்பது படிக்கும் வேகம். எழுதும் வேகம் அதைவிடக் குறைவு, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. தவிர, உங்கள் கேமராவின் கார்டு இணைப்பு யுஎச்எஸ்-1 என்ற வேக வகையைத் தாண்டாது, அதன் உச்சவரம்பே நொடிக்கு 104 எம்பி. அந்த வகைக் கார்டு 170 எம்பி என்று சொல்லிக்கொள்வது தயாரிப்பாளரின் சொந்த ஏற்பாட்டில், அதற்கென்று உள்ள ரீடரில் போட்டால் மட்டும்தான். கேமராவுக்குள் அந்த வேகம் கிடைக்காது. இன்னும் விலை கூடிய யுஎச்எஸ்-2 கார்டு போட்டாலும் வேலை செய்யும், ஆனால் அதன் பின்பக்கத்தில் இருக்கும் இரண்டாவது வரிசைப் பின்களைத் தொடுவதற்கு உங்கள் கேமராவில் ஒன்றும் இல்லை. கொடுத்த காசு அந்தப் பின்களிலேயே தங்கிவிடும்.

இதைப் பரிசோதிக்க யாரையும் கேட்கத் தேவையில்லை. ஷட்டரை 1/500 வைத்து, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, நிற்கிறவரை பட்டனை அழுத்திப் பிடியுங்கள். எத்தனை படம் வந்தது, கையை எடுத்த பிறகு கார்டு விளக்கு அணைய எத்தனை நொடி ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். நண்பரிடம் யு3 அல்லது வி30 என்று வேகக் குறி போட்ட ஒரு கார்டை இரவல் வாங்கி அதையே திரும்பச் செய்யுங்கள். உங்களுடையது பழைய, மெதுவான கிளாஸ் 4 கார்டாக இருந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், உடனே மாற்றிவிடலாம். ஏற்கெனவே யு3 என்றால் மாற்றாதீர்கள். மீன்கொத்திக்கு மட்டும் ஜேபெக்குக்குப் போங்கள், அது கிளையை விட்டுக் கிளம்பும் கணத்தில் ஆரம்பித்துச் சின்னச் சின்னதாக அழுத்துங்கள். பஃபரைச் சரியான நேரத்துக்குக் காலியாக வைத்திருப்பதுதான் இந்தக் கேமராவில் செய்யக்கூடிய பெரிய காரியம்.

கேள்வி: இரவில் நட்சத்திரங்களை 30 நொடி எக்ஸ்போஷரில் எடுக்கிறேன். ஷட்டர் மூடிய பிறகு இன்னொரு அரை நிமிடம் கேமரா எதற்கும் அசைவதில்லை. கார்டு மெதுவா?

பதில்: கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மெனுவில் ‘லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்’ ஆன் ஆகியிருக்கிறது. ஷட்டரை மூடியபடியே அதே 30 நொடிக்கு ஒரு கருப்புப் படம் எடுத்து, அதில் தெரிகிற புள்ளிகளை உங்கள் படத்திலிருந்து கழிப்பதற்குத்தான் அந்த நேரம். அணைத்துவிட்டால் காத்திருப்பு போய்விடும், புள்ளிகள் கொஞ்சம் கூடும். நட்சத்திரத் தடங்களுக்காகத் தொடர்ந்து எடுக்கிறீர்கள் என்றால் கட்டாயம் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கோடுகள் விட்டு விட்டு வரும்.

கேள்வி: சோனி ஏ6400-இல் 4கே வீடியோவுக்கு 100 எம்பி பதிவைத் தேர்ந்தெடுத்தால், கார்டு பொருந்தாது என்கிறது. என் கார்டு நொடிக்கு 80 எம்பி. 100 எம்பி கார்டு வாங்கினால் போதுமா?

பதில்: இரண்டு எம்பியும் ஒன்றல்ல. இந்தக் குழப்பத்தில் தேவைக்கு மேல் செலவு செய்கிறவர்கள் நிறையப் பேர். வீடியோவுக்குச் சொல்வது மெகாபிட், கார்டுக்குச் சொல்வது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக உங்கள் 4கே வீடியோவுக்குத் தேவை நொடிக்கு 12.5 மெகாபைட்தான், 80 தாராளம்.

பிறகு ஏன் மறுக்கிறது? கேமரா பார்ப்பது உச்ச வேகத்தை அல்ல. எந்த நேரத்திலும் இதற்குக் கீழே போக மாட்டேன் என்று கார்டு கொடுக்கும் உறுதியை. ஃபோட்டோவில் கார்டு அரை நொடி திணறினாலும் பஃபர் தாங்கிக்கொள்ளும். வீடியோவில் அது நடந்தால் பதிவே நின்றுபோகும். அந்த உறுதிதான் கார்டில் போட்டிருக்கும் குறிகள்: கிளாஸ் 10-உம் யு1-உம் நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட், யு3-உம் வி30-உம் 30, வி60 என்றால் 60, வி90 என்றால் 90. சோனி இந்தப் பதிவுக்கு யு3 கேட்கிறது. நல்ல நிறுவனத்தின் யு3 கார்டு ஒன்று வாங்குங்கள், போதும். பானசோனிக் ஜிஎச்5 போல 400 மெகாபிட்டில் பதிவு செய்கிற கேமராவுக்குத்தான் வி60 தேவைப்படும், கணக்குப் போட்டால் நொடிக்கு 50 மெகாபைட் வருகிறது பாருங்கள். ஏ1, ஏ2 என்ற குறிகள் போனில் ஆப் ஓட்டுவதற்கானவை, கேமராவுக்கு அவற்றைப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: கல்யாண ஆர்டர்களுக்குக் கேனான் 5டி மார்க் 3 வைத்திருக்கிறேன். பாதுகாப்புக்காக சிஎஃப் (காம்பாக்ட் ஃபிளாஷ்), எஸ்டி என்ற இரண்டு வகைக் கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்வேன். 1066எக்ஸ் என்று போட்ட வேகமான சிஎஃப் கார்டு வாங்கிய பிறகும் தாலி கட்டும் நேரத்தில் கேமரா திணறுகிறது. கார்டில் குறையா?

பதில்: உங்கள் கார்டு நன்றாகத்தான் இருக்கும். இடிப்பது பக்கத்திலிருக்கும் எஸ்டி ஸ்லாட். 2012-இல் வந்த அந்தக் கேமராவில் சிஎஃப் ஸ்லாட் வேகமானது, எஸ்டி ஸ்லாட்டுக்கோ யுஎச்எஸ் வசதியே கிடையாது. அதில் எவ்வளவு வேகமான எஸ்டி கார்டு செருகினாலும் நொடிக்கு ஏறத்தாழ 20 எம்பிக்கு மேல் போகாது. இரண்டிலும் ரா எழுதச் சொன்னால் இரண்டும் முடிந்த பிறகே பஃபர் காலியாகும், எனவே மொத்தக் கேமராவும் எஸ்டியின் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது.

எஸ்டியைக் கழற்றிவிடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். கல்யாணத்துக்கு அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், முகூர்த்தத்தைத் திரும்ப நடத்தச் சொல்ல முடியாது. பதிவு முறையைத் தனித்தனி என்று மாற்றி, சிஎஃப்பில் ரா, எஸ்டியில் ஜேபெக் வையுங்கள், ஜேபெக்கின் அளவையும் நடுத்தரத்துக்குக் குறைத்துவிடுங்கள். சிஎஃப் பழுதானாலும் ஆல்பத்துக்குப் போதுமான படம் கையில் இருக்கும், திணறலும் பெருமளவு குறையும். இரண்டு ஸ்லாட் உள்ள எந்தக் கேமரா வாங்கினாலும் இதை விசாரியுங்கள். சோனி ஏ7 மார்க் 3-இல்கூட முதல் ஸ்லாட்தான் யுஎச்எஸ்-2, மற்றது யுஎச்எஸ்-1.

கேள்வி: அப்படியானால் வேகமான கார்டால் யாருக்குத்தான் லாபம்? 64 ஜிபி கார்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற அரை மணி நேரம் ஆகிறது, அதற்காவது உதவுமா?

பதில்: நொடிக்குப் பத்து, இருபது படம் ராவில் எடுக்கிறவர்களுக்கும், அதிக பிட்ரேட்டில் வீடியோ எடுக்கிறவர்களுக்கும் அது அவசியம், கேமராவின் ஸ்லாட்டும் அதற்கேற்றதாக இருந்தால். உங்கள் அரை மணி நேரத்துக்குக் காரணம் ரீடர். யுஎஸ்பி 2.0 ரீடரில் நடைமுறையில் நொடிக்கு 35 எம்பி அளவுதான் வரும், 64 ஜிபிக்குக் கணக்குப் போட்டால் சரியாக அரை மணி நேரம். யுஎஸ்பி 3.0 ரீடர் வாங்கி, கம்ப்யூட்டரிலும் 3.0 போர்ட்டிலேயே செருகினால், சாதாரண யுஎச்எஸ்-1 கார்டே 90 எம்பி வரை கொடுக்கும், பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

மிச்சமாகும் பணத்தில் நம்பகமான கடையில் இன்னொரு அசல் கார்டு வாங்குங்கள். சந்தையில் போலிகள் அதிகம், 16 ஜிபி சில்லை வைத்துக்கொண்டு 128 ஜிபி என்று கேமராவிடம் பொய் சொல்லும் கார்டுகள் இருக்கின்றன. 16 நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும், அதற்கு மேல் எடுத்தது எதுவும் திறக்காது. புதுக் கார்டு வந்ததும் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். கார்டு முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிட்டுத் தூங்கலாம். தேறினால் கேமராவிலேயே ஃபார்மேட் செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள், தேறாவிட்டால் பில்லோடு மறுநாளே கடைக்குப் போங்கள்.