நான்கு தொகுதி வேண்டாம், ஒரு புத்தகம் போதும்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. பள்ளி அணியில் சதுரங்கம் ஆடுகிறான், தரப்புள்ளி 1400. தொடக்க ஆட்டங்களுக்கு நான்கு தொகுதி கொண்ட புத்தக வரிசை ஒன்றை வாங்கியே ஆகவேண்டும் என்கிறார் பயிற்சியாளர். அவருக்குத் தெரிந்த முகவரிடம் சலிசாகக் கிடைக்குமாம். வாங்கலாமா?
– ஒரு தந்தை, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வாங்காதீர்கள். 1400 புள்ளியில் ஒரு பையன் தோற்பது, காவலில்லாமல் நிற்கும் குதிரையைப் பார்க்கத் தவறுவதால். பதினெட்டாவது நகர்த்தலின் நுணுக்கம் தெரியாததால் அல்ல. ஒரே தொகுதியாக, முழு ஆட்டங்களை முதல் நகர்த்தலிலிருந்து முடிவுவரை விளக்கும் புத்தகம் அவனுக்குப் போதும். தொடக்க ஆட்டமாக வெள்ளைக்கு இத்தாலிய ஆட்டம், கறுப்புக்குக் காரோ-கான் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடையில் காரோ-கான் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இ4, சி6, டி4, டி5 என்று வெள்ளையும் கறுப்பும் மாறி மாறிச் சிப்பாயை நகர்த்துகின்றன (எழுத்தும் எண்ணும் சேர்ந்தது கட்டத்தின் பெயர்), அடுத்து வெள்ளை டி5-இல் வெட்டுகிறது, கறுப்பு சி சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது. பள்ளிப் பிள்ளைகள் விரும்பி ஆடும் வழி இது. கறுப்பு தன் பி சிப்பாயை பி5, பி4 என்று தள்ளி, சி3-இல் நிற்கும் வெள்ளைச் சிப்பாயை ஏன் தொந்தரவு செய்யவேண்டும் என்று வாக்கியமாக எழுதியிருந்தால் வாங்குங்கள். வெறும் கூட்டல் கழித்தல் குறிகளும் அடைப்புக்குள் அடைப்புமாக இருந்தால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். கணினி கொட்டியதை அள்ளி அட்டை போட்டு விற்கிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

முகவர் விஷயத்துக்கு வருகிறேன். "சலிசு" என்றாலே எச்சரிக்கையாக இருங்கள். திருட்டுக் கோப்பை அச்சடித்துச் சுருள்கம்பி போட்டு விற்கும் பிரதிகளை என் மாணவர்களின் பைகளில் பார்த்திருக்கிறேன். பலகைப் படங்களில் வெள்ளைக் காய் எது, கறுப்புக் காய் எது என்றே தெரியவில்லை. புத்தகத்தைச் சிபாரிசு செய்பவருக்கு விற்பனையில் பங்கு உண்டா என்று நேராகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அணித் தேர்வு, சீருடை, பயணம் என்று பெற்றோரிடம் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். அரசாங்கமோ பிள்ளை படிக்கும் புத்தகத்துக்கும் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி போடுகிறது. இந்த நிலையில் நான்கு தொகுதியை ஒரு குடும்பத்தின் தலையில் கட்டுவது அநியாயம்.

மனப்பாடம் தேவையில்லை என்பேன், ஓர் இடம் தவிர. இ4-க்கு அவன் இ5 ஆடுகிறவனாக இருந்தால் இதைக் கட்டாயம் நெட்டுருப் போடவேண்டும். வெள்ளை மந்திரி சி4-இல், கறுப்புக் குதிரைகள் சி6-இலும் எஃப்6-இலும் நிற்கின்றன. வெள்ளைக் குதிரை ஜி5-க்குப் பாய்கிறது. எஃப்7 சிப்பாய்க்கு இரட்டைக் குறி. கறுப்பு டி5 ஆட, வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டுகிறது. கை தானாகவே குதிரையால் திருப்பி வெட்டப் போகும். வெட்டினால் வெள்ளைக் குதிரை எஃப்7-இல் பலியாகி ராஜாவை வெளியே இழுக்கும், ராணி எஃப்3-இலிருந்து செக் வைக்கும், டி5 குதிரையைக் காக்க ராஜா இ6 வரை, பலகையின் நடுவுக்கு வரவேண்டியிருக்கும். வெட்டாமல் சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி மந்திரியைத் தாக்கவேண்டும். இதை யோசித்துக் கண்டுபிடிக்கப் பலகைமுன் நேரம் இருக்காது.

பணம் கொடுப்பதற்கு முன் நூலகத்துக்குப் போங்கள். சதுரங்க நூல்கள் 794.1 என்ற டூயி வகைப்பாட்டு எண்ணில் இருக்கும். லிச்செஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில், அவன் தரப்புள்ளியில் ஆடுகிறவர்கள் எந்த நகர்த்தலைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும் இலவசமாகப் பார்க்கலாம். அந்த நகர்த்தல்களுக்குப் பதில் சொல்லாத புத்தகம் அவனுக்கு உதவாது. நூலகப் புத்தகத்தை வைத்துப் பத்து ஆட்டம் ஆடட்டும். ஒவ்வொன்றிலும் எதிராளி எந்த நகர்த்தலில் புத்தகத்தைவிட்டு விலகினார் என்று குறித்துக்கொண்டு, அன்றிரவு அந்தப் பக்கத்தை மட்டும் படிக்கட்டும்.