வலது காலில் ஊன்றிய வயலின்: வாசகர் கேள்வி – பதில்

வயலின் மேதைகளைப் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பலவும் ‘இவர் பெரியவரா, அவர் பெரியவரா’ என்ற ஒரே கேள்வி வெவ்வேறு வேடத்தில் வந்தவைதான். அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியுள்ளேன்.

மேல்நாட்டு வாத்தியமான வயலின் நம் கச்சேரி மேடைக்கு எப்படி வந்தது? அதை முதலில் எடுத்துக்கொண்டவர் யார்?
– வாசகர், ஈசூன்

வரலாற்றில் முதலில் நிற்கும் பெயர், முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதருடையது (1786–1859). தீட்சிதர் குடும்பம் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் முதலியார் ஒருவரின் ஆதரவில் வாழ்ந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர்களின் வாத்தியக் குழு வாசிப்பதைக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. பாலுஸ்வாமி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் பாடம் கேட்டார். பிற்காலத்தில் எட்டயபுரம் சமஸ்தானத்து வித்வானாக விளங்கினார். அந்தக் கோட்டை இசையிலிருந்து அண்ணன் மெட்டுகளை எடுத்து ‘நோட்டு ஸ்வர’ சாகித்தியங்களாக்கினார் என்றால், தம்பி வாத்தியத்தையே எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலுவும் வயலினில் தேர்ந்தார். திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

மேல்நாட்டில் வயலினின் நான்கு தந்திகளுக்கும் என்றும் மாறாத ஸ்ருதிகள் உண்டு. நம்மவர்கள் அவற்றை ஸ-ப-ஸ-ப என்று, பாடுபவரின் ஸ்ருதி எதுவோ அதற்கேற்பச் சேர்த்துக்கொண்டார்கள். வீணையில் மீட்டிய நாதம் சற்று நேரத்தில் அடங்கிவிடும்; வில்லோ, பாடகரின் மூச்சு நீளும் வரை நாதத்தை நீட்டித் தாங்கிக்கொள்ளும். பக்கவாத்தியமாக அதுவரை வீணை இருந்த இடத்தை வயலின் பிடித்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. அடுத்த இரண்டு தலைமுறைகளுக்குள், செம்மங்குடி சீனிவாச ஐயரின் தாய்மாமனான திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயர் (1857–1913) போன்றவர்கள் வந்துவிட்ட பிறகு, வயலினை அந்நிய வாத்தியம் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

என் மகன் உயர்நிலைப் பள்ளி இசைக்குழுவில் வயலின் வாசிக்கிறான். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனார், ‘லால்குடியின் கால் தூசு பெறுமா இதெல்லாம்’ என்கிறார். மகன் தன் கைபேசியில் மேல்நாட்டு வயலின் மேதை ஹைஃபெட்ஸின் காணொளியைத் தாத்தா முகத்துக்கு நேரே நீட்டுகிறான். யார் பக்கம் நியாயம்?
– வாசகி, தெம்பனிஸ்

தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவில் நான் புகுந்தால் எனக்குத்தான் சேதம். ஆனாலும், இருவரும் ஒரே வாத்தியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

உங்கள் மகன் வயலினைத் தோளில் வைத்து மோவாயால் பிடித்துக்கொள்கிறான். மோவாய் தாங்கி என்ற சிறு மரத்துண்டை ஜெர்மானிய வயலின் கலைஞர் லூயி ஸ்போர் சுமார் 1820இல் அறிமுகப்படுத்திய பிறகு, இடது கைக்கு மேலும் கீழும் துணிந்து தாவும் வசதி கிடைத்தது. அங்கே விரல், தாள் காட்டும் ஸ்வரத்தின் மீது மயிரிழை பிசகாமல் இறங்க வேண்டும். நம் வித்வான் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலைச்சுருளை வலது பாதத்தில் ஊன்றி, மறுமுனையை மார்போடு சாய்த்துக்கொள்கிறார். வாத்தியம் இரண்டு முனையிலும் நிலைத்து நின்றுவிடுவதால் இடது கைக்கு அதைத் தாங்கும் வேலையே இல்லை. தந்தியின் மீது ஒரே விரலால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லவும், அந்தரத்தில் நின்று அசையவும் கைக்கு முழுச் சுதந்திரம் உண்டு. இந்தச் சுதந்திரம் இல்லையென்றால் தோடி ராகத்தின் கமகங்கள், அதாவது ஸ்வரங்களின் அசைவுகள், வயலினில் ஏறியிருக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் எஸ்பிளனேடில் ஒரு கச்சேரிக்குப் போயிருந்தபோது, பக்கவாட்டு வரிசையில்தான் எனக்கு இடம் கிடைத்தது. பாடகரின் முகம் தெரியவில்லை. வயலின் வாசித்தவரின் இடது கை மட்டும் நன்றாகத் தெரிந்தது. மடியருகே விரல்நுனி அளவு ஒரு குப்பியில் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தார். உருப்படிக்கு உருப்படி அதில் விரலைத் தொட்டு, தந்தியின் மீது ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். வில்லின் மயிருக்கு ரோசின் என்ற பிசினைத் தடவிச் சொரசொரப்பாக்குவதும், விரலுக்கு எண்ணெய் தடவி வழுவழுப்பாக்குவதும் அடுத்தடுத்து நடந்தன. எண்ணெய் ஒரு சொட்டு வில் படும் இடத்துக்குப் போய்விட்டால் அன்றைய கச்சேரி அவ்வளவுதான். பாட்டின் ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலில், பாடகர் எதிர்பாராத ஓர் இடத்தில் வரியை மடக்கினார். இவர் மறுகணமே அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த மடக்கலுக்காகத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

நம் மரபின் பெரிய வயலின் வித்வான்களை உருவாக்கியது இந்தக் காத்திருப்புதான் என்பது என் கருத்து. லால்குடி ஜெயராமன் (1930–2013) தியாகராஜரின் சிஷ்யப் பரம்பரையில் வந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா தியாகராஜரிடம் நேரில் பாடம் கேட்டவர். கிருதியின் சொற்கள் காதில் விழும்படி, எழுத்துக்கு எழுத்து வில்லை நிறுத்தியும் எடுத்தும் ஜெயராமன் வாசித்தது, எத்தனையோ பாடகர்களின் பக்கத்தில் அமர்ந்து அவர்களின் உச்சரிப்பைக் கவனித்த பழக்கத்தின் விளைச்சல். அவருடன் சேர்த்து மும்மூர்த்திகளாகப் பேசப்படும் டி. என். கிருஷ்ணனும் (1928–2020) எம். எஸ். கோபாலகிருஷ்ணனும் (1931–2013) அப்படியே பக்கவாத்தியத்தில் புடம்போடப்பட்டவர்கள். துவாரம் வெங்கடசாமி நாயுடு 1938இல் வேலூரில் தனிக் கச்சேரி செய்யும் வரை, வயலின் மட்டும் நடுநாயகமாக மேடை ஏறுவது என்பதே நமக்குப் பழக்கமில்லை. குன்னக்குடி வைத்தியநாதன் பக்கவாத்தியத்தை விட்டுவிட்டுத் தவிலோடு ஜோடி சேர்ந்து வேறு வழியில் போனார். அது தனிக் கதை.

யாஷா ஹைஃபெட்ஸ் (1901–1987) வந்த வழியோ வேறு. வில்னியஸில் பிறந்து, 16 வயதில் நியூயார்க் கார்னகி அரங்கில் முதன்முறையாக வாசித்தார். அன்று அவையில் இருந்த வயலின் கலைஞர் மிஷா எல்மன், ‘ஒரே புழுக்கமாக இருக்கிறதே’ என்று நெற்றியைத் துடைக்க, பக்கத்திலிருந்த பியானோ கலைஞர் கொடோவ்ஸ்கி, ‘பியானோக்காரர்களுக்கு அப்படியொன்றும் இல்லை’ என்றாராம். நூறு பேர் வாசித்துப் பழகிய அதே தாளை, இனி யாரும் இதற்கு மேல் வாசிக்க இடமில்லை என்று தோன்றும்படி வாசிப்பது அவர் கலை. முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. எழுதி முடிக்கப்பட்டதை முழுமையாக்கியவர் அவர். இன்னும் எழுதப்படாததற்குக் காது கொடுத்தவர் லால்குடி. மாமனாருக்கு ஒரு செய்தியை மட்டும் சொல்லுங்கள்: லால்குடியின் வாசிப்பில் மயங்கித் தம்மிடமிருந்த இத்தாலிய வயலின் ஒன்றை அவருக்குப் பரிசளித்தவர், மேலை இசையின் மேதை யெஹூதி மெனுஹின். பெரியவர்கள் ஒருவரையொருவர் இப்படித்தான் அளந்துகொண்டார்கள்.

பாகனினி தன் ஆத்மாவைப் பிசாசுக்கு விற்றவர் என்று படித்தேன். இந்தக் கதை எப்படிக் கிளம்பியது?
– வாசகர், பொத்தோங் பாசிர்

ஜெனோவாவில் பிறந்த நிக்கோலோ பாகனினியின் (1782–1840) தோற்றமே கதைக்குப் பாதி வேலையைச் செய்துவிட்டது: ஒட்டிய கன்னம், எலும்பும் தோலுமான உடல், கறுப்பு உடை. மீதியை அவர் கை செய்தது. வலது கை வில் போட்டுக்கொண்டிருக்கும்போதே இடது கை விரல்களால் தந்தியைச் சுண்டுவார். ஒரே தந்தியில் முழு உருப்படியை வாசிப்பார். 1820இல் அச்சான, தனி வயலினுக்கான அவருடைய 24 ‘காப்ரீஸ்’ உருப்படிகளும் இன்றைக்கும் வயலின் மாணவர்களின் தூக்கத்தைக் கெடுப்பவை. அவருடைய மூட்டுகள் இயல்புக்கு மீறி வளைந்துகொடுத்ததற்கு ஒரு பிறவிக் கோளாறு காரணமாக இருக்கலாம் என்பது பிற்கால மருத்துவர்கள் சிலரின் ஊகம். நம்மூராக இருந்தால் சரஸ்வதி கடாட்சம் என்று சொல்லி விழுந்து கும்பிட்டிருப்பார்கள். அவர் ஊரில் பிசாசு என்றார்கள்.

அந்தப் பேச்சை அவர் உயிரோடிருந்தவரை விளம்பரமாகவே பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். இறந்த பிறகு அதுவே வினையானது. நீஸ் நகரில், சாகும் தறுவாயில் பாதிரியார் செய்துவைக்கும் சடங்கைப் பெறாமல் இறந்த அவருக்குத் திருச்சபை நல்லடக்கத்தை மறுத்தது. உடல் இடம் இடமாக மாறி, 36 ஆண்டுகள் கழித்து 1876இல்தான் பார்மா நகரில் அடக்கமானது. வயலின் செய்வதில் பேர்பெற்ற குவார்னேரி 1743இல் செய்த அவருடைய வயலினை, அதன் முழக்கத்துக்காக அவர் ‘பீரங்கி’ என்று அழைப்பார். அதை அவர் ஜெனோவா நகருக்கே எழுதிவைத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

வனேசா மே சிங்கப்பூரரா?
– வாசகி, ஜூரோங்

இங்கே பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த வயலின் கலைஞர் அவர். பிறந்த நாள் 1978 அக்டோபர் 27. பாகனினி பிறந்ததும் ஓர் அக்டோபர் 27, ஹைஃபெட்ஸ் 1917இல் கார்னகி அரங்கில் ஏறியதும் அதே அக்டோபர் 27. சோதிடம் பார்ப்பவர்கள் மேற்கொண்டு கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மைசூர் சௌடையா ஏழு தந்தி வயலின் வாசித்தார் என்கிறார்கள். அது ஏன் நிலைக்கவில்லை?
– வாசகர், அங் மோ கியோ

மைக் பரவாத காலத்தில் பிறந்த யோசனை அது. கனத்த குரல் படைத்த பாடகர்களின் பக்கத்தில் அமர்ந்து வாசிக்கும்போது, நான்கு தந்தி வயலினின் நாதம் அவையின் பின்வரிசைக்குப் போய்ச் சேரவில்லை. பிடாரம் கிருஷ்ணப்பாவின் சீடரான டி. சௌடையா (1895–1967), 1920களின் பிற்பகுதியில் மேலும் மூன்று தந்திகளைப் பூட்டி நாதத்தைப் பெருக்கிக்கொண்டார். கூடுதல் தந்திகளின் இழுவிசையை, தந்திகளுக்கு அடியில் நிற்கும் ‘குதிரை’ என்ற மரத்துண்டு தாங்க வேண்டும். ஜோடியாக நிற்கும் இரண்டு தந்திகளை ஒரே விரலால் ஒரே அழுத்தத்தில் பிடிக்க வேண்டும். ஸ்ருதி சேர்க்கும் வேலையும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இத்தனையும் சௌடையாவின் கைக்குக் கட்டுப்பட்டன. மற்றவர்களுக்கு அந்தச் சிரமத்தைப் படவேண்டிய தேவையை மைக் இல்லாமல் ஆக்கிவிட்டது. பெங்களூரில் அவர் பெயரில் உள்ள அரங்கத்தையே வயலின் வடிவில் கட்டியிருக்கிறார்கள்.

எழுதப்படும் வரலாற்றில் எல்லாரும் ஆண்களாகவே இருக்கிறார்களே. பெண்கள் வாசிக்கவில்லையா?
– வாசகி, பிடோக்

வாசித்தார்கள்; பக்கத்தில் அமர்த்திக்கொள்ளத்தான் ஆள் இல்லை. பெண்ணுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதும், பெண்ணைப் பக்கவாத்தியமாக ஏற்பதும் தங்கள் மதிப்புக்குக் குறைவு என்று கருதிய வித்வான்கள் நம் மேடையில் வெகுகாலம் இருந்தார்கள். மேலே நான் சொன்ன ‘காத்திருந்து கற்கும்’ வாய்ப்பே பெண்களுக்கு அடைபட்டிருந்தது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். வயலினுக்காகச் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதல் பெண் ஏ. கன்யாகுமரி; ஆண்டு 2016. துவாரம் அதைப் பெற்றது 1941இல். டி. என். கிருஷ்ணனின் தங்கை என். ராஜம் வடக்கே போய், ஓங்கார்நாத் தாக்கூரிடம் பயின்று, இந்துஸ்தானி குரலிசையின் நெளிவுகளை வயலினில் கொண்டுவந்தார்.

மேலைநாட்டில் ஒரே ஒரு காட்சி போதும். 1935இல் வார்சாவில் நடந்த வீனியாவ்ஸ்கி வயலின் போட்டியில், பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய டேவிட் ஓய்ஸ்ட்ராக் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். முதலிடம் பெற்ற ஜினெட் நவே என்ற பிரெஞ்சுப் பெண்ணுக்கு வயது 15. முப்பதாவது வயதில் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். நம் ஊரின் குளோயி சுவா, 2018இல் ஜெனீவாவில் மெனுஹின் போட்டியின் இளையர் பிரிவில் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அவருக்கு வயது 11.

காலமான என் தாத்தாவின் வயலினுக்குள் ‘ஸ்ட்ராடிவாரியஸ், 1713’ என்று தாள் ஒட்டியிருக்கிறது. விற்றால் என்ன கிடைக்கும்?
– வாசகர், உட்லண்ட்ஸ்

உங்கள் நம்பிக்கையைக் கெடுப்பதற்கு வருந்துகிறேன். அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி (1644–1737) செய்தவற்றுள் ஏறத்தாழ 650 வாத்தியங்களே எஞ்சியுள்ளன. அவர் பெயர் அச்சிட்ட தாளோ ஜெர்மனியிலும் பொஹீமியாவிலும் தொழிற்சாலை தொழிற்சாலையாக, லட்சக்கணக்கான மலிவு வயலின்களுக்குள் ஒட்டப்பட்டது. தாளில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால், அது 1890களுக்குப் பிந்தையது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். உண்மையான ஒன்று 2011இல் சுமார் 1 கோடியே 59 லட்சம் அமெரிக்க வெள்ளிக்கு ஏலம் போனது. ஆனால் 2010இல் வயலின் கலைஞர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிப் பழையதையும் புதியதையும் கையில் கொடுத்துச் சோதித்தபோது, பலரும் புதியதையே விரும்பி எடுத்தார்கள்.

விற்பதை விட்டு, முதலில் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காற்றாட வையுங்கள். நம் ஊர் ஈரப்பதமும் இரவெல்லாம் ஓடும் குளிர்சாதனமும் மாறி மாறித் தாக்கினால் ஒட்டு விட்டுப்போகும். ஒரு டிசம்பர் மழையில் என் வயலினின் முதுகுப் பலகை விளிம்போரம் வாயைப் பிளந்தது. பழுது பார்த்தவர் கடைப் பசையை ஊற்றி ஒட்டித் தந்துவிட்டார். அடுத்த ஆண்டு ஒட்டு அசையவில்லை, பலகையே வெடித்தது. தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய வச்சிரப் பசையைக் கேட்டு வாங்கி ஒட்டச் சொல்லுங்கள். மரம் இழுக்கும்போது அது விட்டுக்கொடுக்கும்; பலகை தப்பும்.

பெட்டியைத் திறக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். தலைச்சுருளின் ஓரத்தில் மெருகு போய் மரம் தேய்ந்திருக்கிறதா, விரற்பலகையில் எண்ணெய்க் கறை படிந்திருக்கிறதா? இரண்டும் இருந்தால் உங்கள் தாத்தா தரையில் அமர்ந்து, வலது காலில் ஊன்றி வாசித்தவர்.