தம்பி பிறந்ததும் 5 வயது மகள் மறுபடி படுக்கையை நனைக்கிறாள்

திட்ட வேண்டாம், தண்டிக்கவும் வேண்டாம். ஒரு வருஷம் நனைக்காமல் இருந்தவள் இப்போது நனைப்பது வீம்பு இல்லை. தூக்கத்தில் நனைப்பது அவள் கையில் இல்லை.

காரணம் பெரும்பாலும் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. உங்கள் பக்கத்தில் படுத்தவளைத் தம்பி வந்ததும் பாட்டி அறைக்கு மாற்றியிருக்கிறீர்கள். தினமும் 15 நிமிடம் அவளுக்கு மட்டும் கொடுங்கள். விளையாட்டை அவளே சொல்லட்டும், போன் வேறு அறையில் இருக்கட்டும். "நீ அக்கா, விட்டுக்கொடு" என்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். (பாட்டியையும் நிறுத்தச் சொல்ல வேண்டும், அதுதான் கஷ்டம்!) சொந்தக்காரர்கள் முன்னால் இந்தப் பேச்சே வேண்டாம்.

மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் இதைக் கவனிப்பதில்லை. நிரம்பிய குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும். ஒரு வாரம் குறித்து வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை, கெட்டியாகப் போனால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

சிறுநீர் போகும்போது எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை தேவை. தாகம் கூடி, எடை குறைந்து, பகலிலும் அடிக்கடி போனால் மனசுதான் காரணம் என்று காத்திருக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் காட்டி ரத்தச் சர்க்கரை பாருங்கள். இந்த வயதிலும் டைப் 1 சர்க்கரை நோய் வரும்.