இறந்து எத்தனை நாள் என்பதைப் புழுவை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்?

கேள்வி இதுதான்: அழுகிய உடலில் இருக்கும் புழு, பூச்சிகளைப் பார்த்து இறந்த நேரத்தை எப்படிக் கணிக்கிறார்கள், அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், புழுவுக்கு இறந்த நேரம் தெரியாது. ஈ எப்போது வந்து முட்டையிட்டது என்பதுதான் அதிலிருந்து கிடைக்கும். ஆகவே பூச்சியியல் நிபுணர் "குறைந்தது இத்தனை நாளாவது ஆகியிருக்க வேண்டும்" என்றுதான் எழுதுவார். செய்தியில் வரும்போது அந்தக் "குறைந்தது" காணாமல் போய்விடுகிறது, எனக்கு அதில்தான் வருத்தம்.

முதல் இரண்டு மூன்று நாள் வரை உடம்பே ஓரளவு பேசும். சூடு இறங்கும். ரத்தம் கீழ்ப்பக்கமாகத் தேங்கி ஊதா நிறம் காட்டும், 8 முதல் 12 மணி நேரத்தில் அது அப்படியே படிந்துவிடும், அதன்பிறகு உடலைப் புரட்டிப் போட்டாலும் பழைய இடத்தில் நிறம் நிற்கும். விறைப்பு கண்ணிமையிலும் தாடையிலும் முதலில் தெரிந்து, சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவி, ஒன்றரை இரண்டு நாளில் தளர்ந்துவிடும். அப்புறம் அழுகல். பெரும்பாலும் வலது அடிவயிற்றில் ஒரு பச்சை நிறத் திட்டாகத் தொடங்கும், ஏனென்றால் பெருங்குடலின் ஆரம்பப் பகுதி அங்கே தோலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதில் பாக்டீரியா ஏராளம். பிறகு வீக்கம், தோல் உரிதல். ஆனால் இந்த அழுகலை மட்டும் வைத்து நாள் சொல்வது கஷ்டம். வெயிலில் கிடந்த உடலும் குளிர்ந்த அறையில் கிடந்த உடலும் ஒரே நாளில் இறந்தவர்களுடையவை என்றால் பார்ப்பவர் நம்ப மாட்டார்.

இங்கேதான் ஈ வருகிறது. பளபளவென்று மின்னும் பச்சை ஈ, நீல ஈ இவைதான் முக்கியம். திறந்த வெளியில், பகலில் என்றால் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். கண், மூக்கு, வாய், காயம் என்று ஈரமான இடமாகப் பார்த்து முட்டையிடும். முட்டை பொரித்துப் புழு இரண்டு முறை தோலுரிக்கும், ஆக மூன்று பருவம்.

நான் விலங்கியல் படித்தபோது ஈரல் துண்டில் இந்தப் புழுக்களை வளர்த்திருக்கிறேன். எல்லாம் தலையை உள்ளே புதைத்து, வாலை மேலே நீட்டிக்கொண்டு கும்பலாக நிற்கும். மூச்சுத்துளை பின்பக்கத்தில் இருப்பதால் சாப்பிடுவதை நிறுத்தாமலே சுவாசிக்க முடிகிறது. நுண்ணோக்கியில் அந்தப் பின்பக்கத்தைப் பார்த்தால் இரண்டு சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றிலும் கீற்றுகள். இரண்டாம் பருவத்தில் இரண்டு கீற்று, மூன்றாம் பருவத்தில் மூன்று. முதன்முறை அந்த மூன்று கீற்றையும் எண்ணியபோது, ஒரு உயிரின் வயது இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருக்குமா என்று அசந்துபோனேன்.

சரி, பருவம் தெரிந்துவிட்டது, நாளை எப்படிக் கணக்கிடுவது? வெப்பநிலைதான் கடிகாரம். ஈ எந்த இனம் என்று தெரிந்தால், அது ஒரு கட்டத்தை எட்ட மொத்தம் எவ்வளவு வெப்பம் சேர வேண்டும் என்பதற்கு ஆய்வக அளவுகள் உண்டு. புரிவதற்காக ஒரு கணக்கு: 10 டிகிரிக்குக் கீழே வளராத ஒரு புழு, குறிப்பிட்ட அளவு வளர 2000 "டிகிரி-மணி" தேவை என்று வைத்துக்கொள்வோம். சராசரி 30 டிகிரி என்றால் மணிக்கு 20 சேரும், 100 மணி நேரம் போதும். சராசரி 20 டிகிரி என்றால் மணிக்கு 10தான், 200 மணி நேரம் ஆகும். அதே புழு, ஒரு இடத்தில் நான்கு நாள், இன்னொரு இடத்தில் எட்டு நாள். அதனால்தான் உடல் கிடந்த இடத்தில் சில நாள் வெப்பநிலையை அளந்து, அருகிலுள்ள வானிலை நிலையத்தின் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள்.

கணக்கைக் கெடுக்கும் விஷயங்களும் நிறைய. இரவில் ஈ பெரும்பாலும் முட்டையிடாது. புழுக்கள் பெருங்கூட்டமாகச் சேர்ந்தால் அவற்றின் சூடே சுற்றுப்புறத்தைவிட 10, 20 டிகிரி கூட ஏறிவிடும், வளர்ச்சி வேகமாகும். உடலில் கோகெய்ன் போன்ற போதைப்பொருள் இருந்தால் அதுவும் புழுவின் வளர்ச்சியை மாற்றும். போர்வையில் சுற்றிய உடல் என்றால் ஈ உள்ளே நுழையவே நாளாகும். ஹவாயில் லீ காஃப் என்ற பூச்சியியலாளர் அப்படி ஒரு வழக்கில் இறந்த பன்றியை அதேபோல் போர்வையில் சுற்றி வைத்துப் பார்த்தார். ஈக்கள் உள்ளே போக இரண்டரை நாள் ஆனது. அந்த இரண்டரை நாளையும் கூட்டியபிறகுதான் கணக்கு சரியாக வந்தது.

நம்பலாமா என்றால், கவனமாகச் செய்தால் நம்பலாம். 1935இல் ஸ்காட்லாந்தில் மொஃபாட் அருகே ஓடைப்பள்ளத்தில் வெட்டப்பட்ட உடல் பாகங்கள் கிடைத்தன. அதிலிருந்த புழுக்களின் வயது 12 முதல் 14 நாள் என்று கணித்தார்கள், அது இறந்தவர்கள் காணாமல் போன நாட்களோடு பொருந்தியது. மற்ற சாட்சியங்களோடு சேர்ந்து பக் ரக்ஸ்டன் என்ற மருத்துவர் குற்றவாளி என்று நிரூபணமாக அதுவும் உதவியது. பல வாரங்கள், மாதங்கள் ஆகிவிட்ட உடலில் ஈப்புழு பெரும்பாலும் இருக்காது, காய்ந்த தோலைத் தின்னும் வண்டுகள்தான் அதிகம் இருக்கும். அப்போது கிடைக்கும் விடை இன்னும் அகலமாகிவிடும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. தின்று முடித்த புழு உடலை விட்டு இறங்கிப் போய்விடும், காய்ந்த மண்ணிலோ விரிப்புக்கு அடியிலோ கூட்டுப்புழுவாகிவிடும். அதாவது வயதில் மூத்த பூச்சி உடலில் இருக்காது, சில மீட்டர் தள்ளிப் பழுப்பு நிற நெல்மணி போலக் கிடக்கும். அதைத் தேடாமல் உடலில் உள்ளதை மட்டும் பொறுக்கினால் கணக்கில் பல நாள் குறைந்துவிடும். எடுத்ததில் பாதியை வெந்நீரில் கொன்று ஆல்கஹாலில் போட வேண்டும், நேராக ஆல்கஹாலில் போட்டால் சுருங்கி நீளம் தப்பாகிவிடும். மீதிப் பாதியை உயிரோடு வளர்த்து ஈயாக்க வேண்டும், ஏனென்றால் புழுவாக இருக்கும்போது இனங்களைப் பிரித்தறிவது சிரமம், இனம் மாறினால் மொத்தக் கணக்கும் மாறிவிடும்.