பெரிய அரசுத் துறையில் கணினி நிர்வாகத்தை எப்படி அமைப்பது? எல்லாம் சென்னையிலா, மாவட்டத்துக்கு மாவட்டமா?

கேள்வி இதுதான்: மாநிலம் முழுக்கக் கிளைகள் உள்ள ஓர் அரசுத் துறையில் தகவல் தொழில்நுட்ப நிர்வாகத்தைத் தலைமையகத்தில் குவிப்பதா, மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதா?

எந்தத் துறை என்று நீங்கள் சொல்லவில்லை. கேட்டிருக்கும் தோரணையைப் பார்த்தால் இயக்குநரகத்தில் ஏதோ ஒரு குழுவில் உங்களைப் போட்டு, அறிக்கை கேட்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. நான் நீலகிரியில் ஒரு துறையின் மாவட்ட அலுவலகத்தில் உதவியாளராகவும் பிறகு கண்காணிப்பாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவள். துறைப் பெயர் வேண்டாம், பென்ஷன் வாங்குகிறேன். படித்தது பி.காம். "இந்தம்மாவுக்கு சர்வரைப் பற்றி என்ன தெரியும்" என்று கிளம்புகிறவர்கள் தாராளமாகக் கிளம்பலாம். ஆனால் குன்னூரிலிருந்து பந்தலூர் வரை எங்கள் கிளைகளில் எங்கே ஒரு கம்ப்யூட்டர் நின்றாலும் போன் எனக்குத்தான் வந்தது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருள், தரவு, பாதுகாப்பு, ஒப்பந்தம் எல்லாம் சென்னையில் இருக்கட்டும். இணைப்பு, இயந்திரம், ஆட்களுக்குப் பயிற்சி இவை மாவட்டத்தில் இருக்கட்டும். இதில் பெரிய சண்டை ஒன்றும் இல்லை, யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். சண்டை வேறு இடத்தில். மாவட்டத்தில் அதைப் பார்க்கிறவருக்கு ஆணை போட்டுக் கொடுத்த பதவி உண்டா, செலவு செய்யக் கொஞ்சம் பணம் உண்டா? இரண்டும் இல்லையென்றால் எப்படிப் பிரித்தாலும் ஒன்றுதான்.

எனக்கு அந்த வேலையை யாரும் ஆணை போட்டுத் தரவில்லை. சம்பளப் பட்டியல் கணினிக்கு மாறிய காலத்தில் எங்கள் அலுவலகத்தில் எக்ஸெல் தெரிந்த ஒரே ஆள் நான். "மேடம், நீங்களே கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார் அப்போதைய அலுவலர். அந்தக் கொஞ்சம் நான் ஓய்வு பெறும் வரை தொடர்ந்தது. என் இருக்கைக்கு உரிய கோப்புகள் ஒரு பக்கம் அப்படியே நின்றன. ஆய்வுக்கு வருகிறவர்கள், எனக்கு வந்த தபால்களையும் அவற்றின் முடிவையும் எழுதும் என் தன்பதிவேட்டைப் புரட்டி, நிலுவை ஏன் என்று மெமோ கொடுப்பார்கள். காலை முழுவதும் கோத்தகிரி கிளையின் பிரிண்டருக்குப் போனிலேயே வைத்தியம் பார்த்ததை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? அதற்கு ஒரு பத்தியே கிடையாது.

2023 மழைக்காலத்தில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். தேவாலா பக்கம் எங்களுக்கு ஒரு கிளை. அந்தப் பகுதியில் தென்மேற்குப் பருவமழை என்றால் என்னவென்று சமவெளிக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. 2019 ஆகஸ்டில் அதே மாவட்டத்தின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, பேப்பரில் பார்த்திருப்பீர்கள். மரம் விழும், கம்பம் சாயும், நடுவட்டம் பக்கம் மண் சரியும். கேபிளைப் பூமிக்கு அடியில் பதிக்கலாமே என்றால் காட்டு வழியில் தோண்ட வனத்துறை அனுமதி வேண்டும். யாரையும் குறை சொல்ல முடியாது, இடம் அப்படி.

அந்த ஜூலையில் இயக்குநரகம் எங்கள் துறை மென்பொருளின் புதுப் பதிப்பை விட்டது. மாதக் கடைசியில். ஏன் மாதக் கடைசி என்று கேட்காதீர்கள், அது அவர்களுக்கு ஒப்பந்தக் காலக்கெடு. புதுப் பதிப்புக்குப் புது உலாவி வேண்டும். கிளையில் இருந்ததோ விண்டோஸ் 7. அதற்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-உடன் ஆதரவை நிறுத்திவிட்டது. 2023 தொடக்கத்தில் குரோம் உலாவியும் அதைக் கைவிட்டுவிட்டது. எந்தக் கிளையில் எந்த இயந்திரம் இருக்கிறது என்ற பட்டியலை நான் வருடா வருடம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். அனுப்பியது இருப்புப் பதிவேட்டுக்காரர்களின் செக்‌ஷனுக்குப் போகும். மென்பொருளை முடிவு செய்கிறவர்கள் வேறு மாடி.

சரி, இரண்டு புது இயந்திரங்களை உதகை அலுவலகத்திலிருந்து எடுத்து ஜீப்பில் அனுப்பினோம். அதன் பிறகும் ஓடவில்லை. விண்ணப்பத்தைத் திறக்கிறது, ஸ்கேன் செய்த ஆவணத்தை ஏற்றும்போது சுற்றிக்கொண்டே இருக்கிறது, கடைசியில் வெளியே தள்ளிவிடுகிறது. அந்தக் கிளையின் டேட்டா என்ட்ரி பெண், அவுட்சோர்சிங்கில் வந்தவள், "அக்கா, வெளியே ஜனங்க நிக்கிறாங்க, நான் என்னக்கா சொல்றது" என்று அழாத குறை. நான் உதவி மையத்தில் புகார் பதிந்தேன். மறுநாள் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். திரும்பப் பதிந்தேன், திரும்ப மூடினார்கள். கேட்டால் இணைப்பு நன்றாக இருக்கிறதாம், அவர்கள் திரையில் எங்கள் கிளை பச்சையாகத் தெரிகிறதாம்.

இதன் சூட்சுமம் எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. சென்னையிலிருந்து கண்காணிக்கும் மென்பொருள் நிமிடத்துக்கு ஒரு தடவை சின்னதாக ஒரு கேள்வியை அனுப்பும். கிளையின் ரௌட்டர் பதில் சொன்னால் பச்சை. அந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் சொல்லுமளவுக்கு இணைப்பில் உயிர் இருந்தது, ஆனால் இரண்டு எம்.பி. ஆவணம் ஏறுமளவுக்கு இல்லை. நனைந்த கேபிளில் வழியிலேயே பாதி தொலைந்துகொண்டிருந்தது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததோ இணைப்பு உயிரோடு இருக்க வேண்டும் என்று மட்டும்தான். வேலை நடக்க வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. அதனால் ஒப்பந்தக்காரருக்கு அபராதமும் இல்லை. ஒப்பந்தம் எழுதும்போது மலையில் வேலை பார்த்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் இந்த ஒரு வரி மாறியிருக்கும்.

இன்னொன்று, கம்ப்யூட்டருக்கு ஏ.எம்.சி. என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒருவரிடம், யு.பி.எஸ்.ஸுக்கு வேறொருவரிடம், இணைப்பு மூன்றாமவரிடம், மென்பொருள் நான்காமவரிடம். நான்கு பேரும் மரியாதையானவர்கள். ஒவ்வொருவரும் மற்ற மூவரைக் கை காட்டுவார்கள். கோயம்புத்தூரிலிருந்து என்ஜினியர் வந்தால் உதகையோடு திரும்பிவிடுவார். அங்கிருந்து கூடலூருக்கு இன்னும் 50 கிலோமீட்டர் இறங்க வேண்டும், தேவாலா அதற்கும் அப்பால்.

நான் அந்தப் பெண்ணிடம் ஒரு நோட்டு போடச் சொன்னேன். திரை நின்ற நேரம், திரும்ப வந்த நேரம், அப்போது வரிசையில் நின்ற ஆட்கள், கூடவே செல்போனில் ஒரு படம். மாதாந்திரக் காணொலி ஆய்வில் எங்கள் அலுவலர் அதை எடுத்து வாசித்தார். "டாஷ்போர்டு பச்சையாத்தானே இருக்கு" என்றார்கள் அந்தப் பக்கம். சொல்லி முடிப்பதற்குள் தேவாலா கிளையின் படம் உறைந்து நின்றுவிட்டது. அதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்திருக்காது.

சிம் கார்டு போடும் ரௌட்டர் ஒன்றை இரண்டாவது இணைப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று இயக்குநரகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். வாங்கினோம், வேலை ஓடியது. அடுத்த வருடம் தணிக்கை வந்தது. கணினி வாங்க, பராமரிக்க, டோனர் பேப்பர் வாங்க என்று கணக்குத் தலைப்பில் தனித்தனிப் பிரிவு உண்டு. எங்கள் மாவட்ட அலுவலருக்கோ அதில் எதிலிருந்தும் ரௌட்டர் வாங்க அதிகாரம் இல்லையாம், இயக்குநரகம்தான் வாங்க வேண்டுமாம். செலவை ஏற்க முடியாது என்று தணிக்கைத் தடை எழுதிவிட்டார்கள். அந்தத் தணிக்கைப் பத்தியை முடிக்க நாங்கள் அனுப்பிய பதில்களின் பேப்பர் செலவே ரௌட்டர் விலையைத் தாண்டியிருக்கும்.

இதனால்தான் பதவி, பணம் என்று அடித்துக்கொள்கிறேன். இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1996-இல் சட்டம் போட்டு ஒவ்வொரு பெரிய துறைக்கும் தலைமைத் தகவல் அதிகாரி என்று ஒருவரை வைத்தார்கள். ஆள் வந்தார், நாற்காலி வந்தது, துறையின் கணினிச் செலவில் அவர் பேச்சு போதுமான அளவு எடுபடவில்லை. 2014-இல் இன்னொரு சட்டம் போட்டு, கணினி பட்ஜெட்டுக்கு அவர் ஒப்புதல் வேண்டும் என்று எழுத வேண்டியிருந்தது. அங்கேயே 18 வருடம் ஆகியிருக்கிறது.

நம்மிடம் அமைப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மத்திய அரசின் கணினி அமைப்பான தேசிய தகவலியல் மையத்துக்கு ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு பிரிவு உண்டு. 2006-இல் வந்த தேசிய மின்னாளுமை (இ-கவர்னன்ஸ்) திட்டத்தின் வழியாக மாவட்ட மின்னாளுமைச் சங்கமும், பிறகு மாவட்ட மேலாளர்களும் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், கேட்டால் ஓடி வருவார்கள். ஆனால் அவர்கள் எல்லாத் துறைக்கும் பொது. உங்கள் துறையின் கோப்பு எப்படி நகரும், எந்த மாதம் கூட்டம் அதிகம், எந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்பதெல்லாம் துறைக்குள்ளே வளர்ந்த ஆளுக்குத்தான் தெரியும். அதனால் சென்னையிலும் சரி, மாவட்டத்திலும் சரி, தலைமையில் துறை ஆள் இருக்கட்டும், தொழில்நுட்பம் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும். தொழில்நுட்ப ஆளை மட்டும் தலையில் வைத்தால் ஒப்பந்தக்காரர் சொல்வதே துறையின் கொள்கையாகிவிடும்.

தரவைக் கிளையில் வைக்கவே வைக்காதீர்கள். மேஜைக்கு அடியில் ஒரு சர்வர், அதன் மேல் ஹீட்டர், சுவரில் பூஞ்சை என்று நான் பார்த்திருக்கிறேன். பெருங்குடியில் மாநிலத் தரவு மையம் எதற்கு இருக்கிறது? ஆனால் பாதுகாப்பு சென்னையின் தலைவலி, நமக்கென்ன என்று கிளை இருந்துவிடவும் முடியாது. சைபர் தாக்குதல் தெரிய வந்தால் ஆறு மணி நேரத்துக்குள், சைபர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பந்தலூரில் ஒருவர் கோப்பு திறக்கவில்லை என்று கண்டுபிடித்தால் யாருக்குப் போன் செய்வார்? அந்த ஒரு நம்பர் உங்கள் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், அதாவது அலுவலரின் கையெழுத்து அடங்கிய, பென் டிரைவ் மாதிரியான கருவி. அலுவலர் மாறுதலில் போவார், டோக்கன் மேஜையிலேயே கிடக்கும், பாஸ்வேர்டு மானிட்டரில் ஒட்டியிருக்கும். மாறுதல் ஆணையோடு பயனர் கணக்கும் டோக்கனும் அன்றைக்கே முடக்கப்பட வேண்டும். இது தொழில்நுட்பமே இல்லை, மாறுதல் ஆணைகளைப் பார்க்கும் பணியமைப்புப் பிரிவு செய்ய வேண்டிய வேலை. அந்தப் பிரிவை உங்கள் குழுவில் சேர்த்திருக்கிறார்களா?

யூனிகோடு கதையும் இதே மாதிரிதான். தமிழை எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி காட்டும் அந்த எழுத்து முறையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2010-லேயே அரசாணை வந்துவிட்டது. நான் ஓய்வு பெறும் போதும் கிளைகளிலிருந்து பழைய எழுத்துருவில் அடித்த கடிதம் வந்து என் திரையில் கோழி கிண்டியது போலத் தெரியும். ஆணை போட்டவர்கள் மேல் தப்பில்லை. அதைக் கிளையில் நடைமுறைப்படுத்து என்று யாரிடமும் ஒப்படைக்கவில்லை, அவ்வளவுதான்.

வேலை ஒழுங்காகப் பிரிந்திருந்தால் ஓடும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே உதாரணம் உண்டு. நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். பதிவு மாநில அளவில் ஒரே தளத்தில், சோதனை கல்லாறிலும் குஞ்சப்பனையிலும் மாவட்ட ஆட்கள் கையில். யார் எதைச் செய்ய வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. சீசனில் வரிசை நீளுகிறது என்பது வேறு விஷயம். எனக்குத்தான் இதில் புதுத் தொல்லை. திருப்பூர், ஈரோடு சொந்தமெல்லாம் "நீதான் கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருந்தியே, ஒரு பாஸ் போட்டுக் குடு" என்று ஏப்ரல் பிறந்தால் போன். போனிலேயே எடுக்கலாம் என்றால் கோபம் வருகிறது.

ஏப்ரல் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். "ஊட்டியில் வேலையா, கொடுத்து வைத்தவங்க" என்பார்கள். மலைப்படி, குளிர்காலப் படி என்று கொடுப்பதை வைத்துக்கொண்டு உதகையில் வீடு பிடித்துப் பாருங்கள். சீசன் வந்தால் வீட்டுக்காரர் இரண்டு மாதம் காலி செய்யச் சொல்வார், டூரிஸ்டுக்கு நாள் வாடகைக்கு விட. என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி, நெட்வொர்க் நன்றாகத் தெரிந்தவன், கைக்குழந்தையோடு அலைந்து அலைந்து வெறுத்துப்போய் மாறுதல் வாங்கிக்கொண்டு சேலம் போய்விட்டான். கூடலூர்ப் பக்கம் கேட்கவே வேண்டாம், அங்கே போடுவதைத் தண்டனை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பழக்கி விட்ட ஆள் நிற்கவில்லை என்றால் எந்த அமைப்பும் நிற்காது. கொஞ்சம் சம்பந்தம் இருக்கத்தான் செய்கிறது.

உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். மாவட்டத்துக்கு ஒரு கணினிப் பணியிடம் என்று எழுதினால் நிதித்துறையில் முதல் கேள்வியே கூடுதல் செலவு எவ்வளவு என்பதாக இருக்கும். அதனால் புதிதாகக் கேட்காதீர்கள். எல்லா மாவட்டத்திலும் தட்டச்சர் பணியிடம் வருடக்கணக்கில் காலியாகக் கிடக்கும். அதை அரசிடம் திருப்பி ஒப்படைத்து, பதிலுக்குக் கணினிப் பணியிடத்தைக் கேளுங்கள். அதே கோப்பில், மாவட்ட அலுவலர் தானே செலவழிக்கக்கூடிய ஒரு சின்ன உச்சவரம்பையும் சேர்த்துவிடுங்கள். தனியாக அனுப்பினால் அது வேறு செக்‌ஷனுக்குப் போய்ப் படுத்துவிடும். "அரசுக்குக் கூடுதல் செலவினம் ஏதுமில்லை" என்ற வரி முதல் பக்கத்திலேயே வரட்டும்.