இரட்டிப்பாகும் என்றால் எத்தனை சதவீதம்? முதலீடு: கேள்வி-பதில்

கேள்வி: ஆண்டுக்கு 10,000 வீதம் 10 ஆண்டு கட்டினால், 20 ஆண்டு முடிவில் 2 லட்சம் உறுதியாகக் கிடைக்கும் என்கிறார் முகவர். கூடவே ஆயுள் காப்பீடும் உண்டாம். கட்டிய பணம் இரட்டிப்பாகிறதே, எடுக்கலாமா?

பதில்: இரட்டிப்பை விடுங்கள், ஆண்டு வட்டி எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் திட்டத்தில் அது சுமார் 4.5% தான்.

இதை நீங்களே எக்செல்லில் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரே நெடுவரிசையில் மேலிருந்து கீழாக 10 கட்டங்களில் -10,000, அடுத்த 10 கட்டங்களில் 0, கடைசிக் கட்டத்தில் 2,00,000. மொத்தம் 21 கட்டங்கள். இவற்றுக்கு, ஆண்டு வட்டியைக் கண்டுபிடித்துத் தரும் ஐஆர்ஆர் (IRR) சூத்திரம் போடுங்கள். கையை விட்டுப் போகும் பணத்துக்கு மைனஸ் குறி கட்டாயம். இல்லாவிட்டால் விடை வராது.

பலர் சறுக்குவது அந்தப் பத்துப் பூஜ்யங்களில்தான். எதுவும் கட்டாத ஆண்டுகள்தானே என்று கட்டங்களைக் காலியாக விட்டால், சூத்திரம் அவற்றைக் கணக்கிலேயே சேர்க்காது. பத்தாம் ஆண்டு முடிவிலேயே 2 லட்சம் கைக்கு வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு 12.3% என்று காட்டும். முகவர் நீட்டும் தாளில் இப்படிப் பெரிய சதவீதம் இருந்தால், முதலில் இந்த இடத்தைச் சோதியுங்கள். பணம் கட்டும் தேதிகள் முன்னே பின்னே இருந்தால், பக்கத்தில் தேதிகளையும் எழுதி எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR) சூத்திரம் போடுவது நல்லது. தேதியை வைத்தே காலத்தைக் கணக்கிடும் என்பதால் அதற்குப் பூஜ்யங்கள் தேவையில்லை.

4.5% என்பது நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். விலைவாசி ஆண்டுக்கு 5% ஏறினால், 20 ஆண்டு கழித்து உங்கள் பணத்தின் வாங்கும் சக்தி குறைந்துதான் இருக்கும். காப்பீட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பது நியாயமே. அதே காப்பீட்டுத் தொகைக்கு, அதே காலத்துக்கு, முதிர்வுத் தொகை இல்லாத டேர்ம் பாலிசிக்கு என்ன பிரீமியம் என்று விசாரியுங்கள். அதை 10,000-லிருந்து கழித்து, மீதியை வைத்து மறுபடி ஐஆர்ஆர் போட்டால் சேமிப்புப் பகுதியின் உண்மையான வட்டி தெரியும். நடுவில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும் என்ற சரண்டர் மதிப்பு அட்டவணையை, ஆண்டுவாரியாக, கையெழுத்துப் போடும் முன்பே வாங்கிவிடுங்கள். முதல் சில ஆண்டுகளில் அது கட்டியதைவிடக் குறைவாகவே இருக்கும் என்று எதிர்பாருங்கள்.

கேள்வி: மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில் ‘மூன்று ஆண்டில் சராசரி லாபம் 15%’ என்று இருக்கிறது. அதே மூன்று ஆண்டுக்கு முன் நான் போட்ட 1 லட்சம் இன்று 1,21,500 தான். ஏமாற்றுகிறார்களா?

பதில்: கூட்டல் கணக்கில் பொய் இல்லை, பொருந்தாத சராசரியைக் காட்டுகிறார்கள். முதல் ஆண்டு 50% ஏற்றம், அடுத்த ஆண்டு 40% இறக்கம், மூன்றாம் ஆண்டு 35% ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டி மூன்றால் வகுத்தால் 15 வருகிறது. பணம் போன பாதையோ 1,00,000, 1,50,000, 90,000, 1,21,500. கூட்டு வளர்ச்சி விகிதப்படி (சிஏஜிஆர், CAGR) ஆண்டுக்கு 6.7%. இறக்கம் எப்போதுமே அதே அளவு ஏற்றத்தைவிட வலிமையானது. 40% இறங்கினால் பழைய நிலைக்கு வர 67% ஏற வேண்டும், 50% இறங்கினால் 100%. எனவே சிஏஜிஆர் என்று குறிப்பிட்ட எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

அதிலும் தொடக்கத் தேதியைப் பார்க்காமல் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 என்ற பங்குச் சந்தைக் குறியீடு 2009 மார்ச் 9 அன்று அடிமட்டத்தைத் தொட்டது. அங்கிருந்து 10 ஆண்டு எண்ணினால் சுமார் 4 மடங்கு. அதற்கு 17 மாதம் முன்பு, 2007 அக்டோபர் உச்சத்திலிருந்து 10 ஆண்டு எண்ணினால் சுமார் 1.6 மடங்குதான் (இரண்டிலும் நிறுவனங்கள் தரும் லாபப் பங்கான டிவிடெண்ட் சேரவில்லை). ஒரே குறியீடு, ஒரே 10 ஆண்டு. விற்பவர் எதை அச்சிடுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ஒரு ஃபண்டின் ஆண்டுச் செலவு 0.2%, இன்னொன்றில் 1.5%. வெறும் 1.3% வித்தியாசத்துக்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் யோசிக்க வேண்டும். செலவுக்கு முன் இரண்டுமே 8% ஈட்டுவதாக வைத்தால், 1 லட்சம் 30 ஆண்டில் முதலாவதில் ஏறக்குறைய 9.5 லட்சம் ஆகும், இரண்டாவதில் 6.6 லட்சம். கிடைக்க வேண்டியதில் 30% போய்விட்டது. இதற்கென்று தனியாக பில் வராது. ஃபண்டின் சொத்திலிருந்தே கழித்துக்கொண்டு யூனிட்டின் (ஃபண்டில் நீங்கள் வாங்கும் ஒரு பங்கின்) விலையை அறிவிப்பதால், உங்கள் கணக்கிலிருந்து கழித்த தொகையாகக் கண்ணில் படாது. அதனால்தான் யாருக்கும் உறைப்பதில்லை. இதை ஈடுகட்ட, அதிகச் செலவுள்ள ஃபண்ட் செலவுக்கு முன் மற்றதை ஆண்டுதோறும் அந்த 1.3% அளவுக்காவது தாண்ட வேண்டும். நீண்ட காலத்துக்கு அதைச் செய்யும் ஃபண்ட் எது என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பது யாருக்கும் கடினம்.

கேள்வி: ஒரு ஃபண்டில் மாதம் 1,000 வீதம் போட ஆரம்பித்தேன். யூனிட் விலை 100, 80, 50 என்று சரிந்து, நாலாவது மாதம் 80-க்கு வந்திருக்கிறது. இன்னும் 20% கீழேதான். நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்கள் நட்டத்தில் இல்லையே! நாலு மாதத்தில் கிடைத்த யூனிட்கள் 10, 12.5, 20, 12.5. ஆக 55. இன்றைய மதிப்பு 4,400, போட்டது 4,000. விலை 50-ல் இருந்தபோது பயந்து நிறுத்தியிருந்தால், மலிவாகக் கிடைத்த அந்த 20 யூனிட்தான் கையை விட்டுப் போயிருக்கும். சந்தை சரியும்போது நிறுத்துபவர்கள் பெரும்பாலும் விலை நன்றாக ஏறிய பிறகே திரும்பி வருகிறார்கள்.

ஆனால் ‘காத்திருந்தால் எப்படியும் ஏறிவிடும்’ என்பதும் முழு உண்மை அல்ல. ஜப்பானின் நிக்கெய் பங்குச் சந்தைக் குறியீடு 1989 டிசம்பர் இறுதியில் 38,915 என்ற உச்சத்தில் முடிந்தது. அதைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை 34 ஆண்டு பிடித்தது. ஒரே நாட்டின் பங்குகளில் எல்லாவற்றையும் குவிக்க வேண்டாம். ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் பணமாக இருந்தால், அது பங்குச் சந்தையில் இருக்கவே வேண்டாம்.

கேள்வி: கிரெடிட் கார்டு பாக்கி இருக்கிறது, மாதம் 3% வட்டி. முதலீட்டையும் சேர்த்தே ஆரம்பிக்கலாமா?

பதில்: வேண்டாம். மாதம் 3% என்பது கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 42.6%. அதைத் தாண்டும் முதலீடு இருப்பதாக யாராவது சொன்னால், அங்கே பணம் போடாதீர்கள். முதலில் பாக்கியை முழுவதும் அடைத்துவிடுங்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும். அடுத்து மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான தொகையை உடனே எடுக்கக்கூடிய சேமிப்பில் வையுங்கள். அது இல்லாமல் முதலீட்டைத் தொடங்கினால், அடுத்த மருத்துவச் செலவு மறுபடி அதே கார்டில்தான் ஏறும்.