கணக்கில் வராத ஆள்

அன்புள்ள ஐயா,

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. பெங்களூரில் இருக்கிறோம். திருவட்டாருக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன ஓட்டு வீடும் அதைச் சுற்றி ஓர் ஏக்கர் விளையும் உண்டு. பாதி ரப்பர், மீதி தென்னை, இரண்டு மூடு பலா. ஓய்வுக்குப் பிறகு அங்கேயே போய் இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். மனதைத் தயார்படுத்த இந்த வருடம் முழுக்கக் கிராமத்து வாழ்க்கை, முதுமை இரண்டையும் பற்றிய புத்தகங்களாகவே படித்தேன்.

தோரோவின் 'வால்டன்' எனக்கு முதலிடம். அடுத்தது ஹெலன், ஸ்காட் நியரிங் தம்பதியின் 'லிவிங் த குட் லைஃப்'. இப்படியல்லவா முதுமை அமைய வேண்டும்! ஜப்பானிய விவசாயி ஃபுகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' பிடித்தது, ஆனால் பிரசங்கம் கொஞ்சம் அதிகம். ரோமானிய அறிஞர் சிசரோவின் முதுமை பற்றிய உரையாடலில் கிழவர் கேட்டோ விவசாயத்தைப் புகழும் பகுதியை இரண்டு முறை படித்தேன். மருத்துவர் அதுல் கவாண்டேயின் 'பீயிங் மார்ட்டல்' புத்தகத்தைப் பாதியில் வைத்துவிட்டேன். எல்லாம் ஆஸ்பத்திரி, கிராமத்துக்குப் போக நினைப்பவனுக்கு அதில் ஒன்றுமில்லை. புறநானூற்றில் மருத மரத்தில் ஏறிக் குளத்தில் பாயும் பாட்டு இருக்கிறதே, அந்தப் பையனாக மறுபடி ஆகிவிட ஆசை.

ரப்பர் வெட்ட ஆள் பேசியாகிவிட்டது. தேங்காய் பறிக்கவும் ஆள் இருக்கிறது. கிணற்றில் மோட்டார் போட்டாயிற்று. என் மனைவிக்கு மட்டும் அவ்வளவு இஷ்டமில்லை. வந்தால் பழகிவிடும். இன்னும் என்னென்ன படிக்கலாம், எந்த வரிசையில் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

வரிசை சொல்கிறேன், அவசரமில்லை. புத்தகங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைவிடக் கடைசியில் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள்தான் என்னைப் பதிலுக்கு உட்கார வைத்தன. சில நாட்களாக நானும் அந்த இடத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் சில்லறையை முடித்துவிடுவோம். தோரோவுக்கும் முதுமைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1845 ஜூலையில் அந்தக் குளக்கரைக் குடிலுக்குக் குடிபோகும்போது அவருக்கு 28 வயதுகூட நிறையவில்லை. இரண்டு வருடமும் இரண்டு மாதமும் இருந்தார். நிலம் நண்பர் எமர்சனுடையது. கான்கார்ட் ஊர் நடந்து போகிற தூரம்தான், அம்மா வீட்டுக்கும் அடிக்கடி போய்வந்தார். 44 வயதில் போய்ச்சேர்ந்துவிட்டார். முட்டு வலி வருகிற வயதை அவர் பார்க்கவே இல்லை. உரைநடைக்காகப் படியுங்கள், பென்ஷன் திட்டத்துக்காக வேண்டாம்.

ஃபுகுவோகா பிரசங்கம் செய்கிறார் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவருடையது நெல்லும் பார்லியும். சும்மா இருந்து விவசாயம் செய்வது ரப்பரில் நடக்காது. விடியற்காலையில் ஒருவர் போய்ப் பட்டையில் கத்தி வைத்தால்தான் சிரட்டையில் பால் விழும்.

அப்புறம் அந்தக் 'கிராமம்'. 2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். தமிழ்நாட்டின் சராசரி 555. நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் நகரவாசிகள் என்று பதிவாகியிருக்கிறது. குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டம் வரை பஸ்ஸில் போய்ப் பாருங்கள், எங்கே ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று நடத்துநர் சொன்னால்தான் தெரியும். வால்டன் குளத்து நிசப்தத்தை எதிர்பார்த்து வந்தீர்களானால் கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் கட்டுகிற ஒலிபெருக்கி உங்களுக்கு நல்வரவு கூறும். எனக்கு அதில் புகார் இல்லை. வயதான காலத்தில் நிசப்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

புறநானூற்றுப் பாட்டை நீங்கள் சரியாகப் படிக்கவில்லை. கரையில் நிற்பவர்கள் மிரள, நீர் சிதற, 'துடும்' என்று பாய்கிற பையன் பாட்டில் இருக்கிறான், உண்மைதான். ஆனால் பாடுகிறவர் அவனில்லை. பூண் போட்ட தடியை ஊன்றிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு, இருமலுக்கு நடுவே ஒன்றிரண்டு சொல் மட்டும் வருகிற கிழவர் பாடுகிறார். 'இருமிடை மிடைந்த சில சொல்.' அந்த இளமை இனி எங்கே என்று கேட்கிறார். குளத்துக்குத் திரும்பிப் போக அவர் பெட்டி கட்டவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கேட்டோ விவசாயத்தைப் புகழும் பகுதியை இரண்டு முறை படித்தேன் என்கிறீர்கள். நல்ல பகுதிதான். கி.மு. 44-இல் சிசரோ அதை எழுதினார். 84 வயதுக் கேட்டோ இரண்டு இளைஞர்களை எதிரே உட்கார வைத்துக்கொண்டு திராட்சைக் கொடி தளிர்ப்பதையும் விதை மண்ணுக்குள் வெடிப்பதையும் ரசித்துப் பேசுவார். இதே கேட்டோ நிஜ வாழ்க்கையில் விவசாயத்தைப் பற்றித் தானே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். லத்தீன் உரைநடையில் முழுதாகக் கிடைக்கும் மிகப் பழைய நூல் அதுதான். பண்ணையார் எதையெல்லாம் விற்றுவிட வேண்டும் என்று அதன் தொடக்கத்திலேயே ஒரு பட்டியல் வருகிறது. வயதான மாடு, பழைய வண்டி, பழைய கருவிகள், கிழட்டு அடிமை, நோயாளி அடிமை, வேறு உபரியாக என்ன இருந்தாலும் அதுவும். பின்னாளில் கேட்டோவின் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க்குக்கே இது பொறுக்கவில்லை. உழைத்துத் தேய்ந்த மாட்டைக்கூட வயதாகிவிட்டதென்று நான் விற்கமாட்டேன் என்று எழுதினார். முதுமையின் மேன்மையைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசவைக்கப்பட்ட மனிதரின் தோட்டத்தில் வயதாவதற்கு உரிமை இருந்தது ஒரே ஒருவருக்குத்தான்.

ரோமாபுரிக்கு நம்மை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்பீர்கள். உங்கள் கடிதத்திலும் ஒரு பட்டியல் இருக்கிறது. ரப்பருக்கு ஆள், தேங்காய்க்கு ஆள், தண்ணீருக்கு மோட்டார். காலையில் அடுப்பு யார் பற்றவைப்பது? அதற்கு ஆளும் இல்லை, மோட்டாரும் இல்லை. அது கணக்கிலேயே வரவில்லை, ஏனென்றால் அந்த ஆளைக் கூடவே கூட்டிவருகிறீர்கள். 'வந்தால் பழகிவிடும்.'

நியரிங் தம்பதிக்கு இப்போது வருகிறேன், ஏனென்றால் நீங்கள் சாய்ந்துகொண்டிருப்பது அந்தத் தூணில்தான். 1932-இல் நியூயார்க்கை விட்டு வெர்மாண்ட் மலைக்குப் போனார்கள், 1952-இல் மேய்ன் கடற்கரைக்கு. கல் வீட்டைக் கையால் கட்டினார்கள், மேப்பிள் பாகு காய்ச்சினார்கள், காய்கறி போட்டார்கள். நீங்கள் படித்த புத்தகம் 1954-இல் வந்தது. ஸ்காட் நூறாவது பிறந்தநாளைத் தாண்டி, உணவை மெல்ல மெல்ல நிறுத்தி, 1983 ஆகஸ்டில் வீட்டிலேயே இறந்தார். ஆஸ்பத்திரி இல்லை, குழாய் இல்லை. இப்படியல்லவா அமைய வேண்டும் என்று நீங்கள் எழுதியது இதைத்தான். பக்கத்தில் இருந்தது யார்? ஹெலன். அவரைவிட இருபது வயதுக்கு மேல் இளையவர்.

ஹெலனைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் இந்த வாழ்க்கையை விரும்பித் தேர்ந்துகொண்டவர். வயலின் கலைஞர், இளமையில் ஜே. கிருஷ்ணமூர்த்தியோடு நெருங்கிப் பழகியவர், அடுக்களையில் நேரம் கழிப்பது பிடிக்காமல் பச்சைக் காய்கறிகளை முன்வைத்து ஒரு சமையல் புத்தகமே எழுதியவர். உங்கள் மனைவிக்கு இஷ்டமில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், அந்த வித்தியாசம் ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது. ஸ்காட்டுக்கு ஒரு ஹெலன் இருந்தார், ஹெலனுக்கு யார்? 1995-இல், 91 வயதில், அவர் கார் விபத்தில் இறந்தார். அந்த மரணத்தைப் பற்றி யாரும் 'இப்படியல்லவா அமைய வேண்டும்' என்று கடிதம் எழுதுவதில்லை.

எங்கள் குடும்பத்துப் பழைய வீட்டை விற்கிற பேச்சு இப்போது நடக்கிறது. கல்குளம் பக்கம், படிப்புரை வைத்த வீடு. சாமான்களைப் பிரித்தபோது அரங்கு என்கிற உள்ளறையிலிருந்து பாட்டாவின் வெண்கலக் கோளாம்பி, எச்சில் துப்புகிற பாத்திரம், வந்தது. அதற்கு மூன்று வீட்டிலிருந்து போட்டி. ஹாலில் வைத்துப் பூ போட்டால் அழகாக இருக்குமாம்.

பாட்டா எங்கள் பக்கத்தில் 'நல்ல முதுமை'க்கு உதாரணமாகச் சொல்லப்பட்டவர். படிப்புரையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். வருகிறவர்கள் எல்லாரும் 'இந்த வயசிலும் என்ன தெளிச்சம் பாருங்க, எல்லாம் நம்ம ஊரு காத்தும் தண்ணியும்' என்பார்கள். உள்ளே பெரியம்மை இருப்பாள், மூத்த மருமகள். விடிவதற்கு முன் கட்டன்சாயா, எட்டு மணிக்குக் கஞ்சியும் பயறும், பல்லில்லாத வாய்க்குத் தேங்காய்த் துவையல் தனியாக அரைத்து. குளிக்க வெந்நீர். சனிக்கிழமை எண்ணெய். குளித்து முடித்ததும், நகம் ஊறியிருக்கும்போதே, திண்ணையில் அவர் காலைத் தன் மடியில் வைத்து வெட்டிவிடுவாள். ராத்திரி இருமல் வந்தால் 'குட்டியே' என்று ஒரு குரல் வரும். இவள் எழுந்து கோளாம்பியைப் பிடிப்பாள். காலையில் அதில் சாம்பல் போட்டுத் தேய்த்து, பளபளவென்று மறுபடி கட்டிலடியில் வைப்பாள். இன்று ஹாலுக்கு அழகாக இருக்கும் என்று எல்லாருக்கும் தோன்றுகிற அந்த மினுக்கம் அவள் தேய்த்துத் தேய்த்து வந்தது.

பெரியம்மைக்கு வயதானபோது பிள்ளைகள் எல்லாரும் வெளியூரில். பணம் வந்தது, போன் வந்தது. அதே காற்று, அதே தண்ணீர். ஒரு தடவை நான் போனபோது கால் பெருவிரலில் கிழிந்த துவர்த்துத் துணியைச் சுற்றியிருந்தாள். 'படியில இடிச்சுட்டு மக்கா' என்றாள். அவிழ்த்துப் பார்த்தேன். இடித்ததாகத் தெரியவில்லை. நகம் வளைந்து சதைக்குள் போய்ப் பழுத்திருந்தது. குனிந்து வெட்ட அவளால் முடியவில்லை. வெட்டித் தா என்று கேட்கிற பழக்கமும் அவளுக்கு இல்லை.

கவாண்டேயிடம் ஒன்றுமில்லை என்கிறீர்களே, அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயமே கிராமம்தான்! மகாராஷ்டிரத்தில் ஊட்டி என்ற கிராமத்தில் அவருடைய தாத்தா சீதாராம் கவாண்டே ஏறக்குறைய 110 வயது வரை இருந்தார், குதிரையில் போய் வயலைச் சுற்றிப் பார்த்தார். நீங்கள் கனவு காண்கிற முதுமை அதுதான். பேரன் அதைக் காட்டிவிட்டு, சுற்றிலும் ஒரு குடும்பமே தாங்கிக்கொண்டு நின்றதால்தான் அது நடந்தது என்று உடனே சொல்லிவிடுகிறார். அடுத்த அத்தியாயத்தில் ஒரு முதியோர் மருத்துவர் 85 வயதுப் பெண்மணியைப் பரிசோதிக்கிறார். முதுகு வலி, கட்டி எல்லாம் இருக்க, அவர் அதிக நேரம் பார்ப்பது கால்களை. நகம் வெட்டப்படவில்லை, புண் இருக்கிறது. குனிந்து தன் காலைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை, விழுகிற அபாயம் அதிகம் என்று புரிந்துகொள்கிறார். ஆஸ்பத்திரிப் புத்தகம் என்று இதையா மூடி வைத்தீர்கள்? வங்கியில் ஒருவர் பாதி பாரத்தை நிரப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா?

விழுவது என்றதும் நினைவு வருகிறது. திருவட்டார்ப் பக்கம் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வருடத்தில் பாதி நாள் முற்றத்தில் பாசி. உங்கள் ஓட்டு வீட்டில் கக்கூஸ் வெளியே இருந்தால் மோட்டாருக்கு முன்னால் அதைச் செய்திருக்க வேண்டும். உள்ளே, படுக்கிற அறையை ஒட்டி, சுவரில் கைப்பிடியோடு. இதை எந்தக் கிராமத்து வாழ்க்கைப் புத்தகமும் உங்களுக்குச் சொல்லாது.

வர வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. வாருங்கள். சமையலுக்கு உள்ளூரில் ஓர் ஆளைப் பேசி, ரப்பர் வெட்டுக்குக் கொடுப்பது போலச் சம்பளம் வையுங்கள். வாரத்தில் சில வேளை நீங்களே கஞ்சி வையுங்கள். அறுபது வயதுக்கு அது ஒன்றும் பிரமாதமில்லை. பக்கத்து விளையில் இருப்பவர்கள் யார், ராத்திரி கூப்பிட்டால் எழுந்து வரக்கூடியவர்களா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் அங்கேயும் உங்களைப் போல இரண்டு பேர்தான் இருப்பார்கள். இங்கே நர்ஸிங் படித்த பெண்களில் பலர் அயல்நாட்டில் யாரோ ஒரு கிழவருக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வரிசை கேட்டிருந்தீர்கள். முதலில் கவாண்டேயை விட்ட இடத்திலிருந்து இல்லை, தொடக்கத்திலிருந்து. அடுத்து ஸ்காட்டின் கடைசி நாட்களைப் பற்றி ஹெலன் 1992-இல் தனியாக எழுதிய 'லவிங் அண்ட் லீவிங் த குட் லைஃப்'. சிசரோவை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் கேட்டோவின் பட்டியலோடு. தோரோவை எப்போது வேண்டுமானாலும்.

ஒரு வருடமாக நீங்கள் என்னென்ன படித்தீர்கள் என்று விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அதே வீட்டில் உங்கள் மனைவி என்ன படிக்கிறார், ஓய்வுக்குப் பிறகு எங்கே இருக்க ஆசைப்படுகிறார் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. கேட்டு எழுதுங்கள். அவரே எழுதினால் அதையும் பிரசுரிக்கிறேன், திருத்தாமல்.